பஞ்ச மிருக தரிசனம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. காடு என்று சொன்னேனே தவிர, மரம் என்று பார்த்தால் கை விரலுக்குள் அடங்கிவிடும், மற்றதெல்லாம் புல். ஆப்பிரிக்காவில் காட்டை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 'ஒரு புல்வெளியில்' என்று ஆரம்பித்தால் அது நீதிக்கதை ஆகாது, மாட்டுத் தீவன விளம்பரம் ஆகிவிடும். அதனால் வேண்டிய மரங்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கத்தின் பெயர் சிங்கராயர். ஆப்பிரிக்கச் சிங்கத்துக்கு ஏது தமிழ்ப் பெயர், அது எப்படித் தமிழ் பேசும் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சின்ன வயதில் நரி பேசியபோது வாயை மூடிக்கொண்டு கேட்டவர்கள்தானே? சிங்கத்துக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

சிங்கராயர் லட்சணமானவர். அடர்ந்த பிடரி, அகன்ற நெற்றி, நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் நடை. அவருக்கு இருந்த ஒரே குறை பசி. காட்டுக்கே ராஜா, வயிறு மட்டும் காய்ந்து கிடந்தது. பஞ்சம் எதுவும் இல்லை. வரிக்குதிரையும் மானும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேய்ந்துகொண்டுதான் இருந்தன. அவரைப் பட்டினி போட்டது அவருடைய புகழ்.

விடிந்தால் சஃபாரி ஜீப்புகள் வந்துவிடும். திறந்த கூரை வழியாகத் தலைகள் முளைக்கும். தலைக்கு ஒரு கேமரா. ஒரு டிரைவர் சிங்கராயரைப் பார்த்துவிட்டால் வயர்லெஸ்ஸில் இன்னொருவரிடம் சொல்வார், அவர் இன்னொருவரிடம். சற்று நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு பஸ் ஸ்டாண்டே உருவாகிவிடும். அவர் கொட்டாவி விட்டால் 'ஆகா' என்பார்கள். காதைச் சொறிந்தால் படம். புரண்டு படுத்தால் வீடியோ. ஒருமுறை அவர் அவசரமாகப் புதர்ப் பக்கம் ஒதுங்கியதைக்கூட ஒரு அம்மாள் மெய்மறந்து எடுத்தார். அந்தப் படம் இப்போது எந்த நாட்டுச் சுவரில் தொங்குகிறதோ என்று நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசும்.

இந்த லட்சணத்தில் வேட்டை எப்படி நடக்கும்? அவர் வயிறு தரையில் உரசப் பதுங்கிப் போவார். பின்னாலேயே ஜீப்புகளும் பதுங்கும். ஜீப் பதுங்கினால் சும்மா இருக்குமா, கிர்ரென்று கியர் மாற்றும். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் 'உஷ்' என்று அடக்குவார்கள். அந்த 'உஷ்' அடுத்த மலைக்குக் கேட்கும். அப்போது பார்த்து யாருடைய கைப்பேசியாவது பாட ஆரம்பிக்கும். வரிக்குதிரை நிதானமாக நிமிர்ந்து பார்க்கும்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் பந்தோபஸ்தோட வந்திருக்கீங்க போல" என்று கேட்டுவிட்டு அது வாலை ஆட்டியபடி நடந்து போகும். ஓடக்கூட ஓடாது. அதுதான் சிங்கராயருக்கு ரொம்ப வலித்தது.

மான்களும் மூக்கையும் காதையும் நம்புவதை விட்டுவிட்டன. ஜீப் கும்பலாக நிற்கிற இடத்தில் பெரியவர் இருக்கிறார், நாம் இந்தப் பக்கம் மேய்வோம் என்று ஏற்பாடு செய்துகொண்டு கொழுத்துப் போயின.

அவருடைய சம்சாரம் செவ்வந்தியும் வேட்டைக்குப் போய்ப் பார்த்தாள். அவளுக்கும் அதே ஊர்வலம். கடைசியில் ஒருநாள் அவள் பொறுமை இழந்தாள்.

"ஊரே உங்களைப் பாக்குது. பாத்து என்ன பிரயோசனம்? பெத்த பிள்ளைங்க வயித்தைப் பாத்தீங்களா? நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போறேன். சாப்பாட்டுக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்து கூப்பிடுங்க. வெறும் போஸ் குடுத்துக்கிட்டு வந்து நிக்காதீங்க."

இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அவள் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டாள். சிங்கராயர் பாறைமேல் உட்கார்ந்து அழுதார். அதையும் எடுத்தார்கள்.

அதே காட்டில் கொம்பையா என்று ஒரு பன்றி இருந்தான். நம் ஊர்ப் பன்றி மாதிரி இல்லை. முகமெல்லாம் மரு, வாயின் இரண்டு பக்கமும் வளைந்த தந்தம், ஓடும்போது கொடிக்கம்பம்போல் நட்டமாக நிற்கிற வால். பொந்தில் குடியிருப்பான். பின்புறமாக நுழைந்து, தலையை வாசல் பக்கம் வைத்துப் படுப்பான். மேயும்போது முன்னங்கால் இரண்டையும் மடக்கி முட்டி போட்டுத்தான் மேய்வான். அவன் வம்சத்துக்கே அது பழக்கம். இதையெல்லாம் மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கொம்பையாவின் துக்கம் நேர் எதிரானது. பிறந்ததில் இருந்து அவனை ஒருவர்கூடப் பார்த்ததில்லை. ஜீப் வரும் பாதையில் போய் நிற்பான். "ச்சே, பன்னி! நான் என்னமோன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விடும். ஒருநாள் ஒருவர் கேமராவை அவன் பக்கம் திருப்பினார். கொம்பையா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அவர் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்படிப்பட்ட கொம்பையாவைத் தேடி சிங்கராயர் வந்தார்.

"கொம்பையா, பயப்படாத. திங்க வரல. உன்னை மட்டும் எப்படிப்பா யாருமே பாக்க மாட்டேங்கிறாங்க? அந்த வித்தையை எனக்குச் சொல்லிக் குடு."

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துக் கொம்பையாவுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு அவருடைய விலா எலும்புகளைப் பார்த்தான்.

"அது வித்தை இல்ல அண்ணாச்சி. பொறப்பு."

"அப்போ உன் பொறப்பை எனக்குக் குடு. பதிலுக்கு என் பாறையை நீ எடுத்துக்கோ. காலையில போய் உக்காந்தாப் போதும், ஊரே வரும்."

கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பாடத்தைத் தொடங்கினான். முதலில் சிங்கராயரைச் சேற்றில் புரளவிட்டான். பிடரியைத் தலையோடு தலையாக அப்பிப் படிய வைத்தான்.

"வாலைக் காலுக்கு நடுவுல விடுங்க. தலையைத் தொங்கப் போடுங்க. வீட்டுல ஏதோ சண்டை, சமாதானம் பண்ணப் போற மாதிரி நடங்க."

"சண்டை நெசமாவே நடந்துச்சுப்பா."

"அப்போ நல்லதாப் போச்சு. முக்கியமா ஒண்ணு, கொட்டாவி விடாதீங்க. உலகத்துலயே கொட்டாவி விட்டுப் பேர் வாங்கின ஒரே ஆளு நீங்கதான்."

மறுநாள் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். சிங்கராயர் சேற்றுப் பூச்சோடு நடு ரோட்டில் நடந்தார். ஜீப் ஹாரன் அடித்தது. விலகினார். ஜீப் போய்விட்டது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை! அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓடிப்போய் வரிக்குதிரைகளுக்குப் பின்னால் பதுங்கினார்.

ஆனால் வெயில் என்று ஒன்று இருக்கிறதே. உடம்பில் பூசிய சேறு காய்ந்து, அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் போட்டது. வரிக்குதிரைகள் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தன. அதில் ஒன்றுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

கொம்பையாவின் கதையும் அதே கதைதான். அவன் பாறைமேல் ஏறி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜீப் வந்தது. பைனாகுலர் உயர்ந்தது. "சிங்கம் இல்லப்பா. பன்னிதான் ஒக்காந்திருக்கு. வண்டியை எடு." அன்று முழுக்க அதே பேச்சு. கொம்பையா பாறையில் இருந்து இறங்கி, பொந்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியில் நம்பிராஜன் என்று ஒருவர் இருக்கிறார். காசி, ராமேஸ்வரம், நவ திருப்பதி என்று கோயில் டூர் நடத்திக் கை தேர்ந்தவர். அவருக்கு ஆப்பிரிக்கா டூர் போடும் ஆசை வந்தது. சஃபாரிக்காரர்கள் சிங்கம், யானை, எருமை, காண்டாமிருகம், சிறுத்தை என்று ஐந்தைப் பெரிதாகச் சொல்வார்கள். நம்பிராஜனுக்கு ஐந்து என்றதுமே புரிந்துவிட்டது. 'பஞ்ச மிருக தரிசனம்' என்று நோட்டீஸ் அடித்தார். வண்டி நிறைய ஆள் சேர்ந்தது.

கோயில் டூரை எப்படி நடத்துவாரோ அப்படியே இதையும் நடத்தினார். விடியற்காலையில் எல்லோரும் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு ஜீப்பில் ஏற வேண்டும். முன் சீட்டு முறை வைத்து. கூடவே சமையல்காரர், அண்டா, பாக்குமட்டைத் தட்டு. யானையைப் பார்த்தபோது ஒருவர் ஜன்னல் வழியாகப் பத்து ரூபாய்க் காசை நீட்டி ஆசீர்வாதம் கேட்டார். அந்த யானை காதை விரித்துக்கொண்டு ஓடி வந்த வேகத்தில் ஜீப் ரிவர்ஸிலேயே அரை மைல் போனது. எருமையைப் பார்த்ததும் எமதர்மன் வாகனம் என்று பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிறுத்தை மரத்தில் இருந்தது. வால் மட்டும்தான் தெரிந்தது. வாலைப் பார்த்தது கணக்கில் சேருமா என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. "பாதம் சேவிச்சாலே பலன் உண்டுன்னா வால் மட்டும் என்ன தாழ்வா?" என்று கேட்டு நம்பிராஜன் முடித்து வைத்தார். காண்டாமிருகமும் ஆயிற்று. பாக்கி, சிங்கம்.

சிங்கத்துக்காகவே வந்தவர் சாத்தூர் காராச்சேவுக் கடை சீனிவாசகம். வாழ்நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சிங்கத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய சம்சாரம் ரெங்கநாயகிக்கோ சிங்கம் ஒரு பொருட்டே இல்லை. அவர் கவலை வேறு. அது புரட்டாசி மாதம். கல்யாணமான நாள் முதல் ஒரு புரட்டாசி சனிக்கிழமைகூடப் பெருமாளைச் சேவிக்காமல் இருந்ததில்லை. டூரின் கடைசி நாள் பார்த்துச் சனிக்கிழமையாக வந்து தொலைத்தது.

"நான் அப்பவே சொன்னேன், புரட்டாசி கழியட்டும்னு. யாரு கேட்டா? இன்னைக்குச் சனிக்கிழமை. பெருமாள் முகத்துல முழிக்காம எருமை முகத்துல முழிச்சிருக்கேன்."

"சிங்கத்தை மட்டும் பாத்துடுவோம். அதுவும் நரசிம்மர் மாதிரிதானே" என்றார் சீனிவாசகம்.

"அதைத்தான் காணலையே. சிறுத்தைக்காவது வால் இருந்துச்சு."

அவர்களுடைய டிரைவர் பெயர் முட்டுவா. அந்த ஊர்க்காரர், அனுபவஸ்தர். நம்மாட்கள் முதல் நாளே அவரை முத்து ஆக்கிவிட்டார்கள். அவரும் காடு முழுக்கத் தேடி அலுத்து, சாப்பாட்டு நேரமானதும் வண்டியை ஒரு பெரிய முள்மரத்தடியில் நிறுத்தினார். அந்தக் காட்டில் ஜீப்பை விட்டு இறங்கலாம் என்று அனுமதித்திருந்த ஒரே இடம் அது. 'மிருகங்களுக்கு உணவு கொடுக்கக் கூடாது' என்று பலகைகூட இருந்தது. ஜமுக்காளம் விரித்தார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் இறங்கின. பெருமாளுக்கு மனசாலாவது நைவேத்தியம் பண்ணிவிட்டுச் சாப்பிடலாம் என்று ரெங்கநாயகி எல்லோரையும் காக்க வைத்தார்.

அந்த மரத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் கொம்பையாவின் பொந்து.

சிங்கராயர் அந்நேரம் பொந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். மறுபடி ஈரச் சேறு பூசிக்கொண்டு வந்திருந்தார். பசியில் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குட்டிகள் கத்துவது கேட்பதுபோல் இருந்தது. கொம்பையா நல்லவன். வித்தை சொல்லிக் கொடுத்தவன். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவனும் அவன் ஒருவன்தான்.

"கொம்பையா, மன்னிச்சுக்கோப்பா" என்று சொல்லிவிட்டுப் பொந்தைத் தோண்ட ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி! திங்க மாட்டேன்னு சொன்னீங்களே!"

"அது முந்தாநேத்து."

மண் தலையில் கொட்டியதும் கொம்பையா ஒரே பாய்ச்சலாக வெளியே பாய்ந்தான். பாய்ந்த வேகத்தில் பொந்து வாசல் பெயர்ந்து, உருண்டையாக ஒரு மண்கட்டி அவனுடைய இரண்டு தந்தங்களுக்கும் நடுவே நச்சென்று உட்கார்ந்துகொண்டது. அதைத் தாங்கியபடியே, வாலை நட்டுக்கொண்டு, கண்மண் தெரியாமல் ஓடி, ஜமுக்காளத்தின் நடுவே வந்து நின்றான்.

ரெங்கநாயகி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு தந்தம். நடுவில் உருண்டையாய்ப் பூமி. சனிக்கிழமை உச்சி வேளை.

"வராகப் பெருமாளே!" என்று கத்தினார். "பூமியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டியா! நான் வரலைன்னு நீ தேடி வந்துட்டியா!"

அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் விழுந்ததைப் பார்த்து நம்பிராஜன் விழுந்தார். நம்பிராஜன் விழுந்தால் டூரே விழும். கொம்பையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூச்சு வாங்கியது. எதிரே தட்டில் புளியோதரை இருந்தது. பழக்க தோஷத்தில் முன்னங்கால்களை மடக்கி, முட்டி போட்டு, ஒரு வாய் எடுத்தான்.

"மண்டி போட்டு ஏத்துக்கிறாரு, பாருங்க! கோவிந்தா!"

"கோவிந்தா, கோவிந்தா!" என்று முள்மரமே அதிர்ந்தது. அத்தனை கைப்பேசிகளும் கொம்பையாவைப் பார்த்து உயர்ந்தன. கொம்பையாவின் கண்ணில் நீர் திரண்டது. காரமா ஆனந்தமா என்று அவனுக்கே தெரியவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவே சிங்கராயர் வந்து நின்றார். துரத்தி வந்த வேகத்தில் நிறுத்த முடியாமல், ஜமுக்காளத்தில் சறுக்கி, சரியாகச் சீனிவாசகத்தின் முழங்காலில் இடித்து நின்றார்.

சிங்கம் தட்டுப்படுகிறதா என்று பார்க்க ஜீப் கூரைமேல் ஏறியிருந்த முட்டுவாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவர் இந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவர். சேறு பூசினாலும் சிங்கம் எது என்று தெரியாதா? கத்தலாம் என்று வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. விரலால் சுட்டிக் காட்டினார்.

"ஆமா முத்து, நாங்களும் சேவிச்சாச்சு. நீயும் இறங்கி வந்து சேவிச்சுக்கோ" என்றார் நம்பிராஜன். அதன் பிறகுதான் அவர் கண்ணில் சிங்கராயர் பட்டார். "ஏய், இந்த நாயை யாருய்யா உள்ள விட்டது? பிரசாதத்துல வாய் வைக்கப் போகுது. சூ! போ!"

சிங்கராயர் அசந்து போனார். சூ! அவரைப் பார்த்து ஒருவர் சூ என்கிறார்! இத்தனை மனிதர்கள், இத்தனை கேமரா, ஒன்றுகூட அவர் பக்கம் திரும்பவில்லை.

"எவ்வளவு பெரிய நாய்!" என்றார் ஒருவர்.

"இந்த ஊருல யானையே நம்ம ஊரு யானையை விடப் பெரிசு. நாய் சின்னதாவா இருக்கும்?" என்றார் இன்னொருவர். நியாயமாகத்தான் பட்டது.

சீனிவாசகத்துக்கு இதில் எல்லாம் மனம் லயிக்கவில்லை. பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்துத் தூரத்தில் அடிவானத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். கடைசி நாள். இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்தில் சிங்கம் கிடையாது. அவர் முழங்காலில் எதுவோ சூடாக மூச்சு விட்டது.

"ஏய், ஒட்டாம தள்ளி நில்லு. வெறி நாயா இருக்கப் போகுது" என்று குனியாமலே சொல்லிவிட்டு, காலால் ஒரு தள்ளு தள்ளினார். சிங்கராயர் தள்ளி நின்றார்.

"விரட்டாதீங்க!" என்று ரெங்கநாயகி எழுந்து வந்தார். "சனிக்கிழமை அதுவுமா வாயில்லா ஜீவனைப் போய்! பாருங்க, எலும்பும் தோலுமா இருக்கு. யாரு பெத்த பிள்ளையோ."

ஒரு பாக்குமட்டைத் தட்டில் புளியோதரையை வைத்து, பக்கத்தில் தயிர்சாதம், அதன்மேல் ஒரு மாவடுவும் வைத்தார். கூரையில் இருந்து முட்டுவா பலகையைச் சுட்டிக் காட்டினார். அதற்கும் ரெங்கநாயகியிடம் பதில் இருந்தது.

"முத்து, அது மிருகத்துக்குத் தீனி போடக் கூடாதுன்னு எழுதினது. இது பிரசாதம்."

தட்டை சிங்கராயரின் மூக்குக்கு நேரே வைத்துவிட்டு, நெற்றியில் ஒரு தட்டும் தட்டினார். முட்டுவா கண்ணை மூடிக்கொண்டார்.

சிங்கராயர் முகர்ந்தார். இரண்டு மாமிசம் அவர் எதிரே இருந்தது. ஒன்று ஓடிக் களைத்த கொம்பையா. இன்னொன்று, சொல்லவே கூடாது, ரெங்கநாயகி. இரண்டையும் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். இதுவரை அவர் சாப்பிட்ட எந்தச் சாப்பாடும் அவரிடம் தானாக நடந்து வந்ததில்லை. எல்லாமே ஓடும், உதைக்கும், கடைசி நிமிஷம்வரை திட்டும். இது பேசாமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு வாய் வைத்தார். புளிப்பு சுண்டி இழுத்தது. வேர்க்கடலை பல்லில் மாட்டியது. மிளகாய் உச்சந்தலைக்கு ஏறிக் கண்ணில் நீராகக் கொட்டியது. அவசரமாகத் தயிர்சாதத்தில் முகத்தைப் புதைத்தார். ஆகா, என்ன குளிர்ச்சி! தட்டை நக்கினார். தட்டு போதாமல் ரெங்கநாயகியின் கையையும் நக்கினார்.

"பாவம், எத்தனை நாளா பட்டினியோ" என்று ரெங்கநாயகி இன்னும் இரண்டு கரண்டி போட்டார். கிளம்பும்போது மிச்சத்தை எல்லாம் ஒரு பெரிய தூக்குச்சட்டியில் போட்டு அங்கேயே வைத்துவிட்டும் போனார்.

தூக்குச்சட்டியின் காதை வாயில் கவ்விக்கொண்டு சிங்கராயர் ஆற்றைத் தாண்டினார். செவ்வந்தி முகர்ந்து பார்த்தாள்.

"இது என்ன கறி?"

"தயிர்."

"தயிரா? அப்படி ஒரு மிருகத்தை நான் பாத்ததே இல்லையே. எலும்பே இல்ல. எப்படி ஓடும்?"

"ஓடாது. நம்மளைத் தேடி ஜீப்புல வரும்."

குட்டிகள் இரண்டும் சட்டிக்குள் தலையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. செவ்வந்தி ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு, சேறு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அன்று சாயங்காலம் நான்கு பேரும் சேற்றில் புரண்டு எழுந்து, வாலைக் காலுக்கு நடுவில் விட்டுக்கொண்டு, முள்மரத்தடிக்குக் குடி வந்துவிட்டார்கள்.

கொம்பையாவின் புகழ் பிறகு எங்கோ போய்விட்டது. பத்து ஜீப் நிற்கிற இடத்துக்குப் பதினோராவது ஜீப் கேள்வி கேட்காமல் வரும். நம்மவர்கள் வந்தார்கள், நம்மவர்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், எதற்கு என்று தெரியாமலே அவர்களும் முட்டி போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நம்பிராஜன் அடுத்த நோட்டீஸில் 'வராக தரிசனம் இலவசம்' என்று சேர்த்துவிட்டார். கொம்பையா பொந்துக்குள் போனால் வாசலில் ஜீப். குளிக்கப் போனால் சேற்றோரம் ஜீப். ஒருநாள் அவன் அவசரமாகப் புதர்ப் பக்கம் ஒதுங்கியபோது, அங்கே ஒரு அம்மாள் கேமராவோடு காத்திருந்தார்.

அவன் இரவோடு இரவாகச் சிங்கராயரிடம் ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, என்னால முடியல. என்னைத் தின்னுடுங்க."

சிங்கராயர் மாவடுவை ஒதுக்கிவிட்டு ஏப்பம் விட்டார்.

"புரட்டாசி கழியட்டும் தம்பி. பாப்போம்."

புரட்டாசி கழிந்தது. சிங்கராயர் கார்த்திகைக்கு மாலை போட்டுக்கொண்டதாகக் கேள்வி. காட்டு இலாகாக்காரர்கள் அவருடைய குடும்பத்தைத் தேடி ஹெலிகாப்டரில் எல்லாம் சுற்றினார்கள். பிறகு நுழைவாயிலில் 'இங்கே தற்போது சிங்கம் இல்லை' என்று எழுதி வைத்துவிட்டார்கள். அந்தப் பலகையின் நிழலில் ஒரு பெரிய நாய் படுத்திருக்கும். போகிறவர் வருகிறவர் பிஸ்கட் போடுவார்கள்.

சாத்தூரில் காராச்சேவுக் கடை கல்லாவுக்கு மேலே இப்போது ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. தந்தத்தில் பூமியோடு கொம்பையா, கூப்பிய கையோடு ரெங்கநாயகி, பைனாகுலரோடு சீனிவாசகம். படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தபோது ஸ்டுடியோக்காரர், "அண்ணாச்சி, உங்க காலுக்குக் கீழ ஒரு சொறி நாய் தட்டை நக்கிக்கிட்டு நிக்குதே, என்ன பண்ண?" என்று கேட்டார்.

"அதை வெட்டி எடுத்துடுங்க. சாமி படத்துல நல்லாவா இருக்கும்?" என்றார் சீனிவாசகம்.

கடைக்கு வருகிறவர்கள் ஆப்பிரிக்காவைப் பற்றிக் கேட்டால் எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொல்வார். கடைசியில் மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. என்ன, அவ்வளவு தூரம் போயும் ஒரு சிங்கத்தைக் கிட்டத்துல பாக்கக் குடுத்து வைக்கல."

நீதி: உலகம் சிங்கத்தைப் படம் எடுக்கும், பன்றியைக்கூடக் கும்பிடும், ஆனால் சோறு என்னவோ நாய்க்குத்தான் போடும். ஆகவே குழந்தைகளே, பசிக்கும்போது கர்ஜிக்காதீர்கள்.